கதவுக்குள் ஓர் ஒலிப்பெட்டி



அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாயார் தயங்கியபடி அருகில் வந்தார். அவருடைய இளைய மகள் எங்களிடம் நான்காம் ஆண்டில் படிக்கிறாள். மூத்தவனும் இதே பள்ளியில் படித்தவன்தான். எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்வரும் அவன், சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் மகிழுந்தின் கதவுகளில் பெரிய ஸ்பீக்கர் பொருத்தச் செலவிடப் போகிறானாம். "நீங்க சொன்னா கேப்பான் சார். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தை விளக்க அங்கே நேரமும் இல்லை. அவரைப் போன்ற கவலை வேறு பெற்றோருக்கும் இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள பள்ளிக்கு நாள்தோறும் நான் வண்டி ஓட்டுகிறேன். வழி நெடுகச் செம்பனை மரங்கள். முன்னால் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி. அதை முந்த வழியில்லாத காலை வேளைகளில் எனக்குத் துணை வானொலிதான். என் பழைய வண்டியின் கதவு ஒலிபெருக்கிகளில் காகிதக் கூம்பு ஈரத்தால் நைந்து, செய்தி வாசிப்பவரின் குரல் கரகரத்தது. எனவே பள்ளி விடுமுறையில் ஒருநாள், மகிழுந்து ஒலிக்கருவிகள் பொருத்தும் கடை வைத்திருக்கும் என் முன்னாள் மாணவன் ஒருவனிடம் போனேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்திருந்தேன். காலை பத்து மணிக்குத் தொடங்கியது, மாலை மூன்று மணிக்குத்தான் முடிந்தது. அந்த ஐந்து மணி நேரமும் நான் நாற்காலியில் உட்காரவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒலியோடு இருக்கும் உறவு தனி. இலயத்து வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் வானொலி பாடினால் நான்கு வீடுகள் கேட்கும். இன்று மின்னல் எஃப்.எம். என்று நாம் அழைக்கும் வானொலியை ஆறாம் வானொலி என்றே அழைத்துப் பழகியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கோயில் திருவிழாவின்போது மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியின் பாட்டு அடுத்த பிரிவு வரைக்கும் போகும். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் பல, தம் முதல் மகிழுந்தாக இவற்றில் ஒன்றைத்தான் வாங்கின. வீட்டுக்குள் ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்துவிட்ட பிறகு, குடும்பம் முழுவதும் ஒரே பாட்டைக் கேட்கும் இடமாக மிஞ்சியிருப்பது மகிழுந்து ஒன்றுதான். அங்கே நல்ல ஒலி வேண்டும் என்று ஓர் இளைஞன் விரும்பினால், அந்த விருப்பத்தை ஊதாரித்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

இனி வேலைக்கு வருவோம். என் வண்டிக் கதவில் இருந்தவை ஐந்தே கால் அங்குல ஒலிபெருக்கிகள். அவற்றின் இடத்தில் ஆறரை அங்குலம் வைக்கலாம் என்றான் மாணவன். "ஒன்றே கால் அங்குலத்தில் என்னப்பா பெரிய வேறுபாடு?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "நீங்க சொல்லிக்கொடுத்த கணக்குதான் சார்" என்றான். உண்மைதான். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்தே காலின் வர்க்கம் 27.56, ஆறரையின் வர்க்கம் 42.25. ஆக, காற்றைத் தள்ளும் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. நான்கு அங்குலத்திலிருந்து ஆறரைக்கு மாறுவோருக்கோ இரண்டரை மடங்கையும் தாண்டும். உறுமி மேளத்தின் அடிவயிற்று முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். சிறிய கூம்பு எவ்வளவுதான் துடித்தாலும் அது அதற்கு எட்டாது.

காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. ஒலிபெருக்கி என்பது இவ்வளவுதான். மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட வடிவத்தின் அடிப்படை நூறு ஆண்டுகள் கடந்தும் மாறவில்லை. கூம்பு, சுருள், காந்தம், சல்லடை என்று நான் தமிழில் சொல்லச் சொல்ல, கடையில் வேலை பழகும் இரண்டு பையன்களும் வியப்போடு கேட்டார்கள். அவர்களுக்கு எல்லாமே ஆங்கிலப் பெயர்கள்தாம். 'டுவீட்டர்' என்பதற்குத் தமிழில் என்ன என்று என்னையே மடக்கினார்கள். கீச்சொலிப்பான் என்றேன். சிரித்தார்கள், ஆனால் வேலை முடியும் வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

கதவின் உட்புற அட்டையைக் கழற்றியதும் உள்ளே ஒரு நெகிழித் தாள் ஒட்டியிருந்தது. நான் அதைத் தூசிக்காக வைத்தது என்று எண்ணினேன். அப்படியன்று. மழை பெய்யும்போது கண்ணாடி ஓரத்து இரப்பரைத் தாண்டி நீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும். அந்நீர் வண்டிக்குள் வராமல் காப்பதே அந்தத் தாளின் வேலை. அவசரக்காரர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். சில மாதங்களில் உட்புற அட்டை ஊறி உப்பும். தரை விரிப்பில் பூஞ்சை வாடை வீசும். நம் பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா? என் மாணவன் தாளை மெதுவாக உரித்து எடுத்தான். பிறகு கதவின் உட்தகட்டில் இருந்த பெரிய துளைகளை ஒட்டும் தன்மையுள்ள கனத்த ஒலித்தடுப்புத் தகட்டால் ஒவ்வொன்றாக மூடினான். அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் தொடவில்லை.

துளைகளை ஏன் மூட வேண்டும் என்று கேட்டபோதுதான் எனக்கு அன்றைய பாடம் கிடைத்தது. அவன் விடை சொல்லவில்லை. புதிய ஒலிபெருக்கி ஒன்றைக் கம்பியோடு இணைத்து, கையில் வெறுமனே பிடித்தபடி ஒரு பாட்டை ஓடவிட்டான். தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது போலிருந்தது. முழவொலியே இல்லை. அடுத்து, நடுவே வட்டமாக வெட்டிய ஒரு ஒட்டுப்பலகையை எடுத்து அந்த ஓட்டையின் மேல் ஒலிபெருக்கியை அழுத்திப் பிடித்தான். அதே பாட்டு, அதே அளவு ஒலி. தவில் எங்கிருந்தோ உள்ளே வந்து உட்கார்ந்தது! ஆசிரியராக இத்தனை ஆண்டுகள் இருந்தும் இப்படியொரு செய்முறையை நான் கண்டதில்லை.

காரணம் எளிது. கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். தாழ்ந்த ஒலிகளின் அலை மிக நீளமானது. நொடிக்கு 100 அதிர்வு கொண்ட ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அத்தகைய அலை ஒலிபெருக்கியின் ஓரத்தைச் சுற்றி எளிதில் முன்னே வந்து, மேட்டைப் பள்ளம் நிரப்புவதுபோல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவே பலகை நின்றால் அந்தச் சந்திப்பு தடைபடுகிறது. கதவின் துளைகளை மூடும்போது கதவே அந்தப் பலகையாகிறது. அதன் உட்கூடு ஒலிப்பெட்டியாகிறது. ஆகவே, கதவை அப்படியே விட்டுவிட்டு விலையுயர்ந்த ஒலிபெருக்கியை மட்டும் மாற்றுகிறவர், பாதி ஒலியைக் கதவுக்குள்ளேயே தொலைக்கிறார். என் செலவுக் கணக்கைச் சொல்கிறேன்: ஒலிபெருக்கி இணை 280 வெள்ளி, தகடு, இடைவளையம், கூலி எல்லாம் சேர்த்து 220 வெள்ளி. இந்த இரண்டாம் தொகையைக் கேட்டதும் பெரும்பாலோர் எழுந்து போய்விடுவதாக அவன் வருத்தப்பட்டான்.

பொருத்துவதிலும் நுணுக்கம் உண்டு. பெரிய ஒலிபெருக்கியின் காந்தம் பின்னால் ஆழமாக நீளும். கண்ணாடியை முழுவதுமாக இறக்கிவிட்டுத்தான் இடைவெளியை அளக்க வேண்டும். ஏற்றி வைத்து அளந்தால், முதல் சாவடியில் கண்ணாடியை இறக்கும்போது அது காந்தத்தில் இடிக்கும். இடம் போதாவிட்டால் ஒலிபெருக்கியைச் சற்று முன்னே கொண்டுவர ஓர் இடைவளையம் வைக்கிறார்கள். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த வளையம் ஈரத்தில் அப்பம்போல் ஊதிவிடும். நெகிழி வளையமோ, வண்ணம் பூசிய நல்ல ஒட்டுப்பலகையோதான் நம் ஊருக்கு ஏற்றவை. ஓட்டையைப் பெரிதாக்க வேண்டுமென்று கதவின் இரும்பை வெட்டச் சொல்லும் கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம் கதவுக்குள்தான் இருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் காற்றுப்பைக்கான உணர்கருவியும் அங்கேயே இருக்கும். தனியாக ஆம்பிளிஃபையர் வைப்பவர்கள், மின்கலத்திலிருந்து வரும் தடித்த கம்பியில், மின்கலத்துக்கு அருகிலேயே உருகி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். உருகி இல்லாத கம்பி எங்காவது உரசித் தோல் கிழிந்தால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியதன்று, இதுதான்.

பெட்டியின் மேல் '300 வாட்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பையன்கள் மயங்குகிறார்கள். அது நொடிப்பொழுது தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவை ஆர்.எம்.எஸ். என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வண்டியின் சாதாரண வானொலிப் பெட்டி ஒவ்வொரு பக்கத்துக்கும் தொடர்ந்து தரக்கூடியது பெரும்பாலும் 15 முதல் 20 வாட் வரைதான். எனவே வாட் எண்ணை விட, அதே ஆற்றலுக்கு எவ்வளவு ஒலி தருகிறது என்னும் டெசிபல் அளவைப் பார்ப்பதே அறிவுடைமை. 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஒலிபெருக்கி, ஆற்றலை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

இவ்வளவு நேரமும் கடையின் மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாணவனின் தந்தை. செம்பனை ஆலையில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் தன் வண்டியை எனக்குக் காட்டினான். ஒலிப்பொருத்தும் தொழிலில் இருப்பவன் வண்டி அதிருமே என்று எதிர்பார்த்தேன். அதில் முழவொலி மிகவும் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. கீச்சொலிப்பான்கள் முன்தூணில் பயணியின் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தன. எல்லாம் தந்தைக்காக. "சத்தம் கேக்குது சார், பேச்சுதான் கேக்கல" என்றார் பெரியவர். ஆலை இரைச்சலில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு முதலில் தேய்வது உயர் ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்தின் ஓசை கேட்கும். மெய்யெழுத்தின் விளிம்பு கேட்காது. முழவொலி கூடக்கூடப் பேச்சு இன்னும் மறையும். வானொலியை உரக்க வைத்தால் அவருக்குத் தலைவலிதான் மிஞ்சுகிறது.

ஆசிரியர் புத்தி விடுமா? வண்டிக்குள் அவர் அருகில் அமர்ந்து, வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்வதெழுதுதல் போலச் சொன்னேன். கட்டு, தட்டு, பட்டு. மூன்றையும் அவர் 'பட்டு' என்றே திருப்பிச் சொன்னார். பிறகு தாமே சிரித்துவிட்டார். மகன் சிரிக்கவில்லை. அவனுடைய கடையில் பின் இருக்கைக்குப் பின்னால் பெரிய நீள்வட்ட ஒலிபெருக்கி வைக்கச் சொல்லி வருகிறவர்களிடம், "வீட்டில் சின்னப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்ட பிறகே அவன் வேலையைத் தொடங்குகிறான். அது குழந்தையின் செவிக்கு ஒரு முழம் பின்னால் இருக்கிறது. முன்னே அமர்ந்து ஓட்டுபவருக்கு அளவாகத் தோன்றும் ஒலி பின்னே இருப்பவருக்கு அளவாக இருக்காது.

கணக்கு இதுதான். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிலையம் நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் என வரம்பு வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி நேரம்; 94-இல் 1 மணி; 100-இல் 15 நிமிடம். நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் தொழிலிட இரைச்சல் விதிமுறைகள் அதே 85-ஐ எட்டு மணி நேர வரம்பாக வைத்திருக்கின்றன. இவை வளர்ந்த தொழிலாளர்களுக்கானவை. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாக வைப்பதே தகும். உலகச் சுகாதார நிறுவனம், கேட்டு மகிழும் ஒலிக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது. கைத்தொலைபேசியில் ஒலியளக்கும் செயலிகள் உள்ளன. துல்லியமாக இராவிட்டாலும் பின் இருக்கையில் வைத்து ஒருமுறை பார்க்கலாம்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நன்றாகப் பொருத்திய பெரிய ஒலிபெருக்கி செவிக்குப் பகையன்று. சிறிய, நைந்த ஒலிபெருக்கியில் பாட்டு தெளிவாகக் கேட்காததால்தான் பலர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். என் வண்டியில் முன்பு 22-இல் வைத்துக் கேட்ட செய்தியை இப்போது 14-இல் வைத்துக் கேட்கிறேன். தெருவையே அதிரச் செய்ய விரும்பும் பையனுக்கு எந்த அளவு ஒலிபெருக்கியும் போதாது. அவனோடு பேச வேண்டியது வேறு.

ஆசிரிய நண்பர்களுக்கு இடையில் ஒரு செய்தி. சொல்வதெழுதுதலில் 'தட்டு' என்பதைக் 'கட்டு' என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று உடனே எழுதிவிடாதீர்கள். முன் இருக்கைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் செவிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுங்கள். சிறு பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது மிகப் பரவலானது. மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

விடுமுறை முடிந்ததும் மாணவனிடமிருந்து பழைய ஒலிபெருக்கி ஒன்றையும் அந்த ஒட்டுப்பலகையையும் வாங்கிக்கொண்டு நான்காம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். முதலில் 1.5 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளையும் ஒலிபெருக்கியின் முனைகளில் நொடிப்பொழுது தொடவைத்தோம். கூம்பு வெளியே குதித்தது. முனைகளை மாற்றியதும் உள்ளே போனது. ஒரு கதவில் கம்பியை மாற்றி இணைத்துவிட்டால், ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுத்து முழவொலி மறைந்துபோகும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். அடுத்து, பலகையில்லாமலும் பலகையோடும் பாட்டு. வகுப்பே ஆர்ப்பரித்தது, பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

தாயார் என்னிடம் பேசினாரே, அவருடைய மகள் மட்டும் கை உயர்த்தினாள். "பலகையில் இருக்கும் ஓட்டை ஸ்பீக்கரைவிடப் பெரிசா இருந்தா என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து அவளிடமே கத்தரிக்கோலைக் கொடுத்தேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடைவெளி விட்டு வெட்டினாள். பாட்டு ஓடியது. தவில் காணாமல் போயிருந்தது. அவள் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்த இடைவெளியை மூடிப் பார்த்தாள். கொஞ்சம் திரும்பி வந்தது. "இன்னும் நாலு கை வேணும்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.